மெட்டில்டாவின் ஐம்பத்தெட்டுப் பிழைகள்

மெட்டில்டா 1938 ஆகஸ்ட் 3ஆம் தேதி பல்லாவரத்தில் பிறந்தார். தந்தை ரயில்வேயில் எலக்ட்ரிக் பிட்டர். 1957இல் ஆங்கிலத் தட்டச்சு ஹையர் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தார். 1969 ஜூன் மாதம் கிழக்குத் தாம்பரத்தில் வேளச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், நான்கு மெஷின்களோடு சொந்தமாகத் தட்டச்சுப் பள்ளி தொடங்கினார். 1984இல் பதினொரு மெஷின்கள் இருந்தன. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "அதுக்கு லீவு போடணுமே" என்பார்.

காலையும் மாலையும் மாணவர்களுக்கு வகுப்பு. நடுப்பகலில் ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளை அடித்துக் கொடுப்பார். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அவரை 'மிஸ்' என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான். மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மழை, வெப்பம், காற்று இவற்றைப் பதிவேட்டில் எழுதி ஓய்வு பெற்ற நான், 1984 ஜூன் 11ஆம் தேதி திங்கட்கிழமை அவரிடம் ஒப்பிடும் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஒப்பிடுவது என்றால், கையெழுத்துப் பிரதியை நான் வாய்விட்டுப் படிப்பேன். கமா, ஃபுல்ஸ்டாப், பாரா எல்லாவற்றையும் சொல்வேன். மெட்டில்டா அடித்த தாளில் விரலை வைத்துக்கொண்டு வருவார். ஒரு முறை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை. மறுமுறை கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை. "வரிசையாப் படிச்சா அர்த்தம் புரிஞ்சிடும் சார். அர்த்தம் புரிஞ்சா கண்ணு ஓடிடும்" என்பது அவருடைய கொள்கை. இப்படி இரண்டு முறை பார்த்த பிறகுதான் கார்பன் பிரதிகள் உட்பட, பக்கத்தின் பின்புற மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். புள்ளி வைத்த பக்கம் சரியான பக்கம். அதன் மேல் யாரும் சந்தேகப்படக் கூடாது.

ஒரே ஒரு தடவை சந்தேகம் வந்தது. 1985 பிப்ரவரியில் விலங்கியல் மாணவர் ஒருவர், ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு வந்து, 73ஆம் பக்கத்தில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மெட்டில்டா சிரிக்கவில்லை. மறுநாள் வகுப்பை ரத்து செய்துவிட்டு, ரயிலேறிப் பல்கலைக்கழகம் போய், குமாஸ்தாவிடம் மன்றாடி, எல்லாப் பிரதிகளிலும் அந்த எழுத்தைக் கறுப்பு மையால் சேர்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பத்து நாள் மதியச் சாப்பாட்டு டப்பாவை அவர் திறந்து நான் பார்க்கவில்லை.

சத்தியநாதன் கதைக்கு வருகிறேன். அவர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தத்துவ விரிவுரையாளர். சேலையூரில் வீடு, வயது அப்போது முப்பத்தொன்பது. 1982இல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர், இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கிவிட்டார். கடைசி நாள் 1989 மார்ச் 31, வெள்ளிக்கிழமை. அன்று மாலைக்குள் ஐந்து பிரதிகளையும் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருட வேலை போய்விடும். மறுபடி நீட்டிப்பு கிடையாது என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய அந்த ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம் அப்போது வெளிநாட்டுத் தத்துவப் பத்திரிகைகளில் ஓயாமல் நடந்துகொண்டிருந்த ஒரு சண்டை. ஒருவன் நூறு விஷயங்களை ஒவ்வொன்றாக நம்புகிறான். ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருக்கிறது. அப்படியானால் அந்த நூறும் சேர்ந்து உண்மை என்று அவன் நம்பியாக வேண்டுமா? ஒரு கட்சி ஆம் என்றது. மறு கட்சி இல்லை என்றது. சத்தியநாதன் ஆம் கட்சி. அவருடைய மூன்றாம் அதிகாரத்தில் இதற்கு ஒரு உதாரணம் வரும். வீட்டின் ஒவ்வொரு ஜன்னலும் மூடியிருக்கிறது என்று நம்புகிறவன், வீட்டில் எங்கோ ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது என்றும் சொன்னால் அவன் பகுத்தறிவுள்ளவன் அல்ல. அந்த அதிகாரத்தை அவர் மூன்று முறை திருத்தினார். மெட்டில்டா மூன்று முறையும் புதிதாக அடித்தார். அர்த்தம் புரியக் கூடாது என்ற கொள்கை மூன்றாவது முறையில் செல்லுபடியாகவில்லை.

மார்ச் 9ஆம் தேதி வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குச் சத்தியநாதன் முன்னுரையைக் கொண்டுவந்தார். முன்னுரை எப்போதும் கடைசியாகத்தான் வரும். உள்ளே 284 பக்கமும் அடித்து, ஒப்பிட்டு, புள்ளி வைத்து அலமாரியில் இருந்தது. முன்னுரை ஒன்றே முக்கால் பக்கம். மெட்டில்டா நின்றபடியே படித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"சார், இது இன்னா எழுதியிருக்கீங்க? 'இந்த ஆய்வேட்டில் பிழைகள் இருக்கும் என்பதில் ஐயமில்லை. அவை அனைத்தும் என்னுடையவை.'"

"எல்லாரும் எழுதறதுதான் மிஸ். ஒரு மரியாதைக்கு."

"பிழை எந்தப் பக்கத்துல இருக்கு?"

"தெரிஞ்சா திருத்தியிருக்க மாட்டேனா?"

"தெரியலைன்னா எப்படி ஐயமில்லைன்னு சொல்றீங்க? பக்கத்தைச் சொல்லுங்க, இப்பவே திருப்பி அடிச்சுத் தர்றேன். இல்லைன்னா இந்த வரியை நான் அடிக்க மாட்டேன். இருநூத்தி எண்பத்து நாலு பக்கத்துக்கும் புள்ளி வெச்சிருக்கேன்."

சத்தியநாதன் சிரித்தார். மெட்டில்டா விடவில்லை.

"மூணாவது அதிகாரத்துல ஜன்னல்காரனுக்குப் பகுத்தறிவு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நீங்க மட்டும் ஒவ்வொரு பக்கமும் சரின்னு சொல்லிட்டு, எங்கேயோ ஒரு ஜன்னல் தொறந்திருக்குன்னு சொல்லலாமா?"

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த வரியைத் தானே இரண்டு முறை படித்தார்.

அன்று மெக்கானிக் சிட்டிபாபு வந்திருந்தான். இரும்புலியூர்க்காரன். மூலையில் ஒரு மெஷினைக் கவிழ்த்துவைத்து பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தவன் தலை தூக்காமலே சொன்னான்: "இன்னா சார், மிஸ்ஸு உங்க வண்டிய பஞ்சராக்கிட்டாங்களா?"

"பேசாம வேலையைப் பாரு" என்றார் மெட்டில்டா.

"பாத்துகினுதான் கீறேன். நா ஒரு மெஷின்ல நாப்பத்தாறு கட்டையும் தட்டிப் பாக்கறேன். ஒவ்வொண்ணும் சூப்பரா கீது. வூட்டுக்குப் போயி சோத்துல கைய வெக்கறேன், ஆள் வந்து நிக்குது, மெஷின் ஓடலன்னு. இத்தக் கண்டுபுடிக்க ஏழு வருசம் படிக்கணுமா சார்?"

சத்தியநாதன் பேனாவைத் திறந்து முன்னுரையின் கடைசி வரியைக் கோடிட்டு நீக்கப் போனார். "மிஸ் சொல்றது சரி. அதிகாரம் நிக்கணும்னா இந்த வரி போகணும். எடுத்துடறேன்."

நான் அப்போது வாய் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் மார்ச் மாத நடுவிலேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த வரி உண்மை என்று எனக்குத் தெரியும்.

"எடுக்காதீங்க சார்" என்றேன். "அது சரிதான்."

இதற்கு ஒரு விளக்கம் தர வேண்டும். ஒவ்வோர் ஆய்வேடும் ஐந்து பிரதி போக, கார்பனில் ஆறாவதாக ஒரு மங்கல் பிரதி எடுத்துப் பள்ளியிலேயே ஒரு வருடம் வைத்திருப்பது வழக்கம். ஆய்வேடு சமர்ப்பித்து முடிந்த பிறகு அந்தப் பிரதியை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்றாவது முறை படிப்பேன். யாரும் சொல்லிச் செய்ததல்ல. வானிலைப் பதிவேட்டை மூன்று முறை பார்த்துப் பழகியதால் செய்தேன். கண்ட பிழைகளை ஒரு நோட்டில் தேதி, பக்கம், வரியோடு குறித்தேன். மெட்டில்டாவிடம் சொல்லவில்லை. பைண்டு ஆகிப் போனதைச் சொல்லி என்ன பயன் என்று நினைத்தேன். அந்தச் சாப்பாட்டு டப்பாவும் ஒரு காரணம்.

மறுநாள் நோட்டைக் கொண்டுபோனேன். 37 ஆய்வேடுகள், 8,416 பக்கங்கள். பிழை ஒன்றும் இல்லாதவை நான்கே. மற்ற 33இலும் சேர்த்து 58 பிழைகள். நிறுத்தற்குறி 31, எழுத்து 14, அடிக்குறிப்பு எண் 9, விட்டுப்போன சொல் 4. சராசரியாக 145 பக்கத்துக்கு ஒன்று. சத்தியநாதனின் ஆய்வேட்டில் இரண்டு எதிர்பார்க்கலாம்.

மெட்டில்டா நோட்டை வாங்கி நின்றபடியே கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை படித்தார். இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு அலமாரியிலிருந்து எஞ்சியிருந்த மங்கல் பிரதிகளை இறக்கினார். நான் குறித்த பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். பின்புற மூலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் புள்ளி இருக்கு" என்றார்.

"இருக்கு மிஸ்."

"அஞ்சு வருஷமா எங்கிட்ட சொல்லலை."

"சொல்லலை. தப்புதான்."

"தப்பு இல்லை சார், இது துரோகம்" என்றார். குரல் உயரவே இல்லை. அன்று மாலை வரை என்னிடம் பேசவில்லை. சனிக்கிழமை நான் படிக்க, அவர் விரல் வைத்துக்கொண்டு வந்தார். கமா, ஃபுல்ஸ்டாப் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை. திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்து, "இந்தப் பக்கங்களை இப்ப கொடுத்தாலும் நான் புள்ளி வெப்பேன் சார். பிழை எங்கன்னு நீங்க சொன்ன பிறகுதான் தெரியுது" என்றார். சமாதானம் அவ்வளவுதான்.

அதைச் சத்தியநாதனும் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் வாங்கிப்போன அந்த நோட்டை அவர் மூன்று நாளாக வீட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் வந்திருந்தார்.

"மூணாவது அதிகாரம் போச்சு" என்றார். "நாலு ஜன்னல் இருக்கிற வீட்டுக்கு நான் எழுதினது சரி. எட்டாயிரம் ஜன்னல் இருந்தா? ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு பொட்டு சந்தேகம். தனியாப் பார்த்தா அது ஒண்ணுமே இல்லை. எல்லாம் சேர்ந்தா பெரிசு. மிஸ் ஒவ்வொரு பக்கத்தையும் சரின்னு நம்பினது நியாயம். மொத்தமும் சரின்னு நம்பினதுதான் நியாயமில்லை. நான் மறு கட்சிக்குப் பாதி வழி போயிட்டேன்."

வழிகாட்டிப் பேராசிரியர் இருப்பதை அப்படியே கொடுத்துவிடச் சொன்னாராம். பட்டம் வாங்கிய பிறகு மனம் மாறிக்கொள்ளலாமாம். பதினெட்டு நாள்தான் இருந்தது. நடுவில் மார்ச் 24 பெரிய வெள்ளி, 26 ஈஸ்டர். அந்த இரண்டு நாளும் மெட்டில்டா மெஷினைத் தொட மாட்டார். மேற்குத் தாம்பரத்து பைண்டர் சம்பத்துக்கு மூன்று நாள் வேண்டும்.

"தப்புன்னு தெரிஞ்சதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியலை மிஸ்" என்றார் சத்தியநாதன். "அடிச்சுத் தருவீங்களா?"

"எழுதிக் கொடுங்க. ஆனா ஒண்ணு. மூணாவது அதிகாரம் தொண்ணூத்தேழுல ஆரம்பிச்சு நூத்தி நாப்பத்தெட்டுல முடியுது. அம்பத்திரண்டு பக்கம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு பக்கம் மாறினா பின்னாடி இருக்கிற நூத்தி முப்பத்தாறு பக்கத்துக்கும் நம்பர் மாறும். அதுக்கு நேரமில்லை."

"தத்துவத்தை அளவு எடுத்துத் தைக்கச் சொல்றீங்க."

"ஆமா. ரெடிமேடு கிடையாது."

அவர் கல்லூரிக்கு லீவு போட்டு எழுதினார். நாளுக்கு ஐந்தாறு பக்கம் வந்தது. வர வர மெட்டில்டா அடித்தார், நாங்கள் ஒப்பிட்டோம். ஆங்கில 'ஈ' எழுத்து தேய்ந்துவிட்டது என்று சிட்டிபாபு ஒருநாள் வந்து மாற்றினான். "இங்கிலீஸ்காரன் இத்த மட்டும் ஓவரா யூஸ் பண்றான் மிஸ்" என்று புகார் சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் 21ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அதிகாரம் முடிந்தது. நாற்பத்தேழு பக்கம்தான் இருந்தது. பழைய அதிகாரத்தில் எதிர்க்கட்சியை மறுப்பதற்கே பத்துப் பக்கம் ஆகியிருந்தது. இப்போது அதற்கு அவசியமில்லை. சத்தியநாதன் தலையைப் பிடித்துக்கொண்டார். வெறுமனே நீட்டி எழுதலாம் என்றால் கை வரவில்லை என்றார்.

பிறகு மெட்டில்டாவே சொன்னார்: "சாரோட நோட்டு இருக்கே. அதை அட்டவணையாப் போட்டா மூணு பக்கம் வரும். நீங்க அதுக்கு ரெண்டு பக்கம் எழுதுங்க."

"மிஸ், ஆய்வேடு லைப்ரரியில இருக்கும். யார் வேணா எடுத்துப் படிப்பாங்க."

"தெரியும்."

"ஒரு தட்டச்சாளர்னு மட்டும் போடறேன். பேர் வேண்டாம்."

"பேர் போடுங்க" என்றார் மெட்டில்டா. "பேர் இல்லாமப் போட்டா யாரோ கவனமில்லாத ஆள்னு நினைப்பாங்க. மெட்டில்டான்னு போட்டா, இவ்வளவு கவனமா அடிக்கிறவளுக்கே அம்பத்தெட்டு வருதுன்னு தெரியும். உங்க வாதமும் அதுதானே?"

சத்தியநாதன் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

புதன்கிழமை அட்டவணையை மெட்டில்டா அடித்தார். தன்னுடைய ஒவ்வொரு பிழையையும், அது எந்த ஆண்டு, எத்தனையாவது பக்கம் என்று கட்டம் கட்டி, எண்களை ஒன்றின் கீழ் ஒன்று நேராக நிறுத்தி அடித்தார். ஐம்பத்தெட்டு வரிகள். அவர் அடித்தவற்றில் இவ்வளவு அழகான பக்கங்களை நான் பார்த்ததில்லை. அதிகாரம் சரியாக 148இல் முடிந்தது. முடிவுரையில் நான்கு பக்கங்களும் மாறின. அவையும் அளவில் அடங்கின.

முன்னுரை மட்டும் மீதி இருந்தது. ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை காலை மெட்டில்டா அதை எடுத்தார். மறுபடியும் கடைசி வரியில் நின்றார்.

"சார், இப்ப வேற சந்தேகம். 'அவை அனைத்தும் என்னுடையவை'ன்னு போட்டிருக்கீங்க. என் பிழையை நீங்க எப்படி எடுத்துக்கலாம்?"

"மிஸ், அது பெருந்தன்மைக்கு..."

"உங்க பெருந்தன்மை உங்ககிட்டயே இருக்கட்டும். என்னோடது எனக்கு வேணும்."

கருத்தில் உள்ள பிழைகள் தன்னுடையவை, தட்டச்சில் உள்ளவை மெட்டில்டா அவர்களுடையவை என்று முன்னுரை திருந்தியது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தாள்கள் சம்பத்திடம் போயின. வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு ஐந்து கறுப்பு அட்டைப் புத்தகங்களாகத் திரும்பி வந்தன. சத்தியநாதன் மின்சார ரயிலில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு போனார். பல்கலைக்கழக ரசீதில் நேரம் பிற்பகல் 2.50 என்று இருக்கிறது.

வாய்மொழித் தேர்வு 1990 ஜனவரி 19ஆம் தேதி நடந்தது. எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் தேர்வு என்பதால் யாரும் போகலாம். மெட்டில்டா வகுப்பை ரத்து செய்துவிட்டு நீலப் பட்டுப் புடவையில் வந்தார், நானும் போனேன். சுமார் முப்பது பேர் இருந்தார்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்த தேர்வாளர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். அதில் பாதிக்கு மேல் மூன்றாம் அதிகாரத்தைப் பற்றி. இந்தச் சண்டையில் கற்பனை உதாரணங்களையே படித்துச் சலித்துப்போன தனக்கு, எண்ணிப் பார்த்த கணக்கு ஒன்று கிடைத்தது சந்தோஷம் என்றார். கடைசியில் அட்டவணைப் பக்கத்தைத் திறந்தார்.

"இது ஐம்பத்தெட்டுப் பிழைகளின் பட்டியல். இந்தப் பட்டியலிலேயே பிழை இருக்கிறதா?"

சத்தியநாதன் சொன்னார்: "இதில் ஒவ்வொரு வரியையும் நான் நம்புகிறேன், ஐயா. மொத்தத்துக்கும் உத்தரவாதம் தர மாட்டேன்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், தேர்வாளர் உட்பட. மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் இருந்த மெட்டில்டா சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, முன் இரண்டு வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவரு இன்னா இப்படிச் சொல்றாரு? டேபிள்ல பிழையே கிடையாது. மூணு தடவை பார்த்தேன்."

பகல் 12.40க்குப் பட்டம் பரிந்துரைக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

அதன் பிறகு மூன்றாவது வாசிப்பை பைண்டுக்குப் போவதற்கு முன்பே செய்வது என்று மெட்டில்டா முடிவு செய்தார். எல்லா வேலைக்கும் இரண்டு நாள் கூடிற்று. அவசரக்காரர்கள் சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள். வந்தவர்களிடம் அவர் முதலிலேயே, "நல்லா அடிச்சுத் தருவேன். அப்படியும் ஒண்ணு ரெண்டு இருக்கும், கண்டுபிடிச்சா வந்து சொல்லுங்க" என்பார். சொன்னவர்களுக்குக் காபி வரவழைப்பார். 1995இல் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. ஐம்பத்தேழு வயதில் அதையும் கற்றுக்கொண்டார். நான் இதை எழுதும் 1997 நவம்பரில் அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. பகல் ஒரு மணி அடித்தால் கையில் எந்தப் பக்கம் இருந்தாலும் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்.